முறை சுற்றும் வளையம்

ஒரு பிட் எவ்வளவு நீளம் இருக்கும்? கணினிக்குள் ஓடுகிற சுழியத்துக்கும் ஒன்றுக்கும் நீளம் ஏது என்று தோன்றலாம். ஆனால் கம்பியில் இறங்கி ஓடும்போது அதற்கும் நீளம் வந்துவிடுகிறது. மீட்டர் கணக்கில் சொல்லிவிடலாம். செம்புக் கம்பியில் மின்குறிகள் நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடுகின்றன. 1985 அக்டோபரில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய ‘டோக்கன் ரிங்’ வலைப்பின்னல் நொடிக்கு 40 லட்சம் பிட்களைக் கம்பியில் ஏற்றியது. முதல் எண்ணை இரண்டாவதால் வகுத்தால் 50 மீட்டர் வரும். ஒரு பிட்டின் தலை 50 மீட்டர் போன பிறகுதான் அதன் வால் கணினியை விட்டுக் கிளம்புகிறது.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்த வலைப்பின்னலில் கணினிகள் எல்லாம் ஒரு வட்டமாகக் கோக்கப்பட்டிருக்கும். டோக்கன் என்று பெயர் கொண்ட 24 பிட் குறி ஒன்று அந்த வட்டத்தில் ஓயாமல் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 24 பிட் என்றால் கம்பியில் 1,200 மீட்டர். ஒரு சிறிய அலுவலகத்தில் ஐந்து கணினிகள், மொத்தம் 200 மீட்டர் கேபிள் என்று வைத்துக்கொள்வோம். கேபிளில் 4 பிட்தான் பிடிக்கும். ஒவ்வொரு கணினியும் தன்னைக் கடக்கும் பிட்டை ஒன்றிரண்டு பிட் நேரம் நிறுத்தி அனுப்புவதால் இன்னும் சில பிட்டுக்கு இடம் கிடைக்கும். அப்போதும் டோக்கன் முழுதாக அடங்காது. வட்டத் தண்டவாளத்தைவிட ரயில் நீளமாக இருந்தால், கடைசிப் பெட்டி ஸ்டேஷனை விட்டு நகர்வதற்குள் எஞ்சின் சுற்றிவந்து அதன் முதுகில் முட்டும். அந்தக் கதைதான்.

இதற்கு வடிவமைப்பாளர்கள் கண்ட வழி எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. வளையத்தில் உள்ள கணினிகளில் ஒன்று, 24 பிட்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக விடும் ஒரு காத்திருப்பு இடத்தைத் தனக்குள் திறந்து வைக்கும். டோக்கனின் தலை கம்பியில் போய்க்கொண்டிருக்கும்போது அதன் உடம்பு அந்தக் காத்திருப்பு இடத்தில் சுருண்டு கிடக்கும். கம்பி போதாத இடத்தில், நேரத்தைக் கொண்டு வளையத்தை நீட்டிவிட்டார்கள்.

அப்படி அந்த டோக்கன் சுற்றியே ஆக வேண்டும் என்று என்ன கட்டாயம்?

வளையத்தில் ஒவ்வொரு கணினிக்கும் இரண்டே அண்டை வீடுகள். ஒரு பக்கத்திலிருந்து கேட்கும், மறுபக்கம் சொல்லும். நடுவில் எக்ஸ்சேஞ்ச் கிடையாது, யாருக்கு எப்போது பேச்சு என்று தீர்மானிக்கும் அதிகாரி கிடையாது. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் குழப்பம். அதனால் டோக்கன் யார் கைக்கு வருகிறதோ அவர்தான் பேசலாம் என்பது ஏற்பாடு. சொல்ல ஒன்றும் இல்லாத கணினி அதை அப்படியே அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும். சொல்ல இருக்கும் கணினி, தன்னைக் கடந்து ஓடும் டோக்கனில் ஒரே ஒரு பிட்டைச் சுழியத்திலிருந்து ஒன்றாக மாற்றும். அந்த ஒற்றை மாற்றத்தில் டோக்கன் டோக்கனாக இல்லாமல் போய், ஒரு செய்தியின் தலைப்பகுதியாகிவிடும். பின்னாலேயே செய்தியை ஒட்டிவிட வேண்டியதுதான்.

செய்தி ஒவ்வொரு வீடாகக் கடந்து போகிறது. முகவரிக்கு உரிய கணினி அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை. ஓடும்போதே நகலெடுத்துக்கொண்டு, வால் பகுதியில் இரண்டு குறிகளைப் போட்டு அனுப்பிவிடுகிறது. ஒன்று, ‘இந்த முகவரிக்காரன் இங்கே இருக்கிறேன்.’ மற்றது, ‘செய்தியை எடுத்துக்கொண்டேன்.’ பிறகு செய்தி மீதி வட்டத்தையும் சுற்றி, அனுப்பியவரிடமே திரும்பி வருகிறது. பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டை தனியாக வரும். இங்கே கடிதமே ஒப்புகை அட்டையாகத் திரும்புகிறது. இரண்டு குறியும் இல்லையென்றால் அப்படி ஒரு முகவரி வளையத்தில் இல்லை. முதல் குறி மட்டும் இருந்தால் ஆள் இருக்கிறார், அந்த நேரத்தில் வாங்கி வைக்க இடமில்லை. அனுப்பியவர் தன் கடிதத்தைத் தானே வளையத்திலிருந்து எடுத்துவிட்டு, புதிய டோக்கனை விடுகிறார்.

ஏரித் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. இவருக்கு இத்தனை நாழிகை, அடுத்து அவருக்கு. ஒருவர் மடையை அடைத்தால்தான் அடுத்தவர் திறக்கலாம். டோக்கன் ரிங்கில் ஒருவர் அதிகபட்சம் 10 மில்லிநொடி பேசலாம். நூறு கணினிகள் இருந்து, நூறும் பேச ஆசைப்பட்டாலும் ஏறத்தாழ ஒரு நொடிக்குள் உங்கள் முறை வந்தே தீரும். அதே காலத்தில் போட்டியாக வளர்ந்த ஈதர்நெட், 1973இல் ஜெராக்ஸின் பாலோ ஆல்டோ ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் உருவாக்கத் தொடங்கியது, வேறு குணம் கொண்டது. திண்ணைப் பேச்சுபோல, அமைதி கிடைத்தால் பேசலாம்; இருவர் ஒன்றாகத் தொடங்கிவிட்டால் இருவரும் நிறுத்தி, மனம்போனபடி சிறிது நேரம் காத்திருந்து மறுபடி முயல வேண்டும். பெரும்பாலும் நன்றாகவே நடக்கும். ஆனால் உங்கள் முறை எப்போது வரும் என்று சத்தியம் செய்ய முடியாது. உருக்காலையில் ஒரு வால்வை மூடச் சொல்லும் கட்டளைக்கு ‘பெரும்பாலும்’ போதாது.

ஐபிஎம்முக்கு வெகு முன்பே இந்த யோசனை வந்துவிட்டது. 1969இல் பெல் ஆய்வகத்தில் ஃபார்மரும் நியூஹாலும் பேசும் உரிமை கைமாறிச் செல்லும் ஒரு வளையத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அடுத்து அதே ஆய்வகத்தின் ஜான் பியர்ஸ், டிரான்சிஸ்டருக்கு அந்தப் பெயரைச் சூட்டியவர், 1972இல் இன்னொரு விதமான வளையத்தை முன்வைத்தார். அதில் டோக்கன் கிடையாது; ஒரே அளவுள்ள பெட்டிகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்கும், காலிப் பெட்டி வந்தால் சரக்கை ஏற்றிவிடலாம். கலிபோர்னியாவின் இர்வைனில் டேவிட் ஃபார்பர் கட்டிய வளையம் இன்னும் ஒரு படி மேலே போனது. கடிதத்தின் மேல் அவர் எழுதியது கணினியின் முகவரி இல்லை, அதற்குள் ஓடும் நிரலின் பெயர். நிரல் எந்தக் கணினிக்குக் குடிபோனாலும் கடிதம் அதைத் தேடிச் சேரும்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கேம்பிரிட்ஜ் வளையம். 1949இல் எட்சாக் கணினியை இயக்கிக் காட்டிய மாரிஸ் வில்க்ஸ், 1974இல் சுவிட்சர்லாந்தின் ஹாஸ்லர் நிறுவனத்தில் ஒரு வளையத்தைப் பார்த்துவிட்டு, அந்த எண்ணத்தோடு ஊர் திரும்பினார். டேவிட் வீலர், ஆண்டி ஹாப்பர் முதலானோருடன் சேர்ந்து பல்கலைக்கழகத்திலேயே ஒன்றைக் கட்டினார். பியர்ஸ் சொன்ன பெட்டி வகைதான், ஆனால் பெட்டி மிகமிகச் சின்னது: 38 பிட். அதைப் பிரித்துப் பார்த்தால் ஒரு சாப்பாட்டு அடுக்குபோல இருக்கும். தொடக்கத்துக்கு 1 பிட், பெட்டி காலியா நிறைந்ததா என்று சொல்ல 1, கண்காணிப்புக்கு 1, யாருக்கு என்பதற்கு 8, யாரிடமிருந்து என்பதற்கு 8, உள்ளே சரக்கு 16, பதிலுக்கு 2, பிழை பார்க்க 1. இரண்டே எழுத்து அளவுச் சரக்கைச் சுமக்க 22 பிட் வண்டி. வீண்செலவு என்று தோன்றும். ஆனால் அந்தச் சின்ன அளவால் யாரும் யாரையும் நெடுநேரம் காக்க வைக்க முடியாது. இன்னொரு விதியும் வைத்தார்கள்: உன் பெட்டி சுற்றி உன்னிடம் திரும்பினால், அதைக் காலியாக்க வேண்டும், அதையே மறுபடி நிரப்பக் கூடாது, அடுத்த வீட்டுக்கு விட்டுவிட வேண்டும். பேராசை பிடித்த கணினி ஒன்று வளையத்தையே வளைத்துப் போட்டுவிடாமல் தடுக்க இந்த ஒரு விதி போதும். எவ்வளவு சிறிய விதியில் எவ்வளவு பெரிய நியாயம்!

ஆனால் டோக்கன் வளையங்களுக்கு ஒரு பயம் உண்டு. அதைச் சொல்ல ரயிலுக்கே திரும்ப வேண்டும். ஒற்றைத் தண்டவாளப் பாதைகளில் நம் ரயில்கள் டோக்கன் வாங்கிக்கொண்டு ஓடியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். பிரம்பு வளையத்தில் கட்டிய சிறு தோல் பை. அதற்குள் உலோகப் பந்து. ஸ்டேஷன் ஊழியர் அதை உயர்த்திப் பிடித்து நிற்க, மெதுவாகக் கடக்கும் எஞ்சினிலிருந்து கை நீட்டி அதைக் கோத்துக்கொள்வார்கள். இரண்டு ஸ்டேஷன்களின் கருவிகளும் மின்கம்பியால் பூட்டப்பட்டவை. ஒரு பந்து வெளியே இருக்கும்வரை அடுத்தது வராது. எனவே ஒரே நேரத்தில் அந்தப் பாதையில் ஒரே ரயில். கணினி டோக்கனுக்கும் இதே வேலைதான். ஒரு வேறுபாடு மட்டும் பெரியது. ரயில் டோக்கன் உலோகம், தொலைந்தால் தேடலாம். கணினி டோக்கன் 24 மின்துடிப்பு. பக்கத்தில் ஏதோ ஒரு மோட்டார் ஸ்விட்ச் போடும்போது கிளம்பும் இரைச்சலில் அதன் ஒரு பிட் மாறினால் போதும், டோக்கன் இல்லாமல் போய்விடும். பேச உரிமை யாரிடமும் இல்லை. எல்லோரும் காத்துக்கொண்டே இருப்பார்கள். அல்லது இன்னொரு விபத்து: செய்தி அனுப்பிய கணினி அது திரும்பி வருவதற்குள் அணைந்துபோனால், எடுக்க ஆளில்லாத கடிதம் முடிவில்லாமல் சுற்றும்.

இதற்காகத்தான் வளையத்தில் ஒருவர் காவல்காரர் ஆகிறார். 24 பிட் காத்திருப்பு இடத்தைத் திறந்து வைப்பதும் அவரே. தன்னைக் கடக்கும் ஒவ்வொரு செய்தியிலும் ஒரு பிட்டில் அடையாளம் வைப்பார். அதே அடையாளத்தோடு ஒரு செய்தி இரண்டாம் முறை வந்தால் அது அநாதைக் கடிதம்; வளையத்தைத் துடைத்துவிட்டுப் புது டோக்கன் விடுவார். குறித்த நேரத்துக்குள் டோக்கனே வரவில்லையென்றாலும் அதேதான். 7 நொடிக்கு ஒருமுறை ‘நான் இருக்கிறேன்’ என்று குரல் கொடுப்பார்.

காவல்காரரே செத்துப்போனால்? இந்த இடம் மிக அழகானது. குரல் வராததைக் கவனித்த கணினி, தன் முகவரியை எழுதி ‘நான் பொறுப்பேற்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பும். அடுத்த வீட்டுக்காரர் தன் முகவரி எண்ணோடு ஒப்பிடுவார். வந்த எண் பெரிது என்றால் அப்படியே தள்ளிவிடுவார். தன் எண் பெரிது என்றால் அதை அழித்துவிட்டுத் தன் பெயரை அனுப்புவார். இப்படிப் போய்க்கொண்டே இருக்கையில், ஒரே ஒருவருக்கு மட்டும் தன் பெயர் முழு வட்டத்தையும் சுற்றித் தன்னிடமே திரும்பி வரும். அவர்தான் புதிய காவல்காரர். வாக்குப்பெட்டி இல்லை, எண்ணும் அதிகாரி இல்லை. வட்டத்தைச் சுற்றி வந்தாலே எல்லோரும் ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

கம்பியே அறுந்தால் வேறு வழி. திடீரென்று முன்வீட்டுக் குரல் நின்றுபோன கணினி, தன் பெயரையும் அந்த முன்வீட்டின் பெயரையும் சேர்த்து ஓயாமல் கூவும். அறுந்த துண்டைத் தவிர மீதி வட்டம் முழுவதும் அந்தக் கூவல் சென்று, கடைசியில் குற்றம் சாட்டப்பட்ட முன்வீட்டையே சேரும். அந்தக் கணினி வளையத்திலிருந்து விலகி, தன்னைத் தானே சோதித்துப் பார்க்கும். கோளாறு தன்னிடம்தான் என்று தெரிந்தால் திரும்பி வராது.

ஒரு கணினியை அணைத்தாலே வளையம் அறுந்துவிடாதா என்று கேட்பீர்கள். கேம்பிரிட்ஜில் இதற்காகவே வளையக் கருவிகளுக்கு வேண்டிய மின்சாரத்தை வளையக் கம்பி வழியாகவே கொடுத்தார்கள். எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சரும் கென் போக்ரனும் இன்னொரு யோசனை சொன்னார்கள்: வளையத்தை இழுத்து இழுத்து நட்சத்திரமாக்கிவிடுங்கள். ஒவ்வொரு கணினிக்கும் போய்த் திரும்பும் கம்பிகளை எல்லாம் ஒரே அறைக்குக் கொண்டுவந்துவிட்டால், கெட்டுப்போன மடிப்பை அங்கேயே வெட்டிவிடலாம். ஐபிஎம் அந்த வடிவத்தைத்தான் எடுத்துக்கொண்டது. எட்டுக் கணினிகளை இணைக்கும் ஒரு தட்டையான பெட்டி. அதற்குத் தனி மின் இணைப்பே கிடையாது. கணினி விழித்தெழுந்து தன்னைச் சோதித்துக்கொண்ட பிறகு, கேபிள் வழியாக ஒரு சிறு மின்னழுத்தத்தை அனுப்பும். பெட்டிக்குள் ஒரு ரிலே ‘டிக்’ என்று திறக்கும். கணினி வளையத்துக்குள் வந்துவிட்டது. கணினி அணைந்தால் அந்த அழுத்தம் போய்விடும், ரிலே தானாக மூடிக்கொள்ளும், வளையம் அந்த வீட்டைத் தாண்டிப் போகும். அதன் கேபிள் முனைகளில் ஆண்–பெண் என்ற வேறுபாடுகூட இல்லை. எந்த முனையையும் எந்த முனையோடும் பொருத்தலாம். கழற்றினால் உள்ளே இருக்கும் கம்பிகள் தாமே ஒன்றையொன்று தொட்டு வட்டத்தை மூடிக்கொள்ளும்.

டோக்கன் தொலைவது பொறியாளர்களின் கவலை மட்டுமல்ல. 1974இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா இரண்டே பக்கத்தில் ஒரு கட்டுரை எழுதினார். காவல்காரர் யாரும் பழுதை உணர்ந்து சரிசெய்யாமல், எந்தக் குழப்பத்திலிருந்தும் வளையம் தானே ஒரே டோக்கனுக்கு வந்து சேருமா என்பது கேள்வி. வட்டமாக நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றிடமும் 0 முதல் 4 வரை ஓர் எண். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதன் எண்ணை மட்டும் பார்க்கலாம். முதல் இயந்திரத்தைத் தவிர மற்றவற்றுக்கு விதி: முந்தியதன் எண் என்னிடமிருந்து வேறுபட்டால் டோக்கன் என்னிடம், வேலை முடிந்ததும் அந்த எண்ணை நகலெடுத்துக்கொள்வேன். முதல் இயந்திரத்துக்கு மட்டும் தலைகீழ்: கடைசி இயந்திரத்தின் எண்ணும் என் எண்ணும் ஒன்றானால் டோக்கன் என்னிடம், வேலை முடிந்ததும் என் எண்ணில் ஒன்று கூட்டுவேன், நான்குக்கு அடுத்து சுழியம்.

ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். கண்டபடி 2, 0, 3, 1 என்று தொடங்குவோம். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது மூன்றும் டோக்கன் தன்னிடம் என்று நினைக்கின்றன. மூன்று டோக்கன், பெருங்குழப்பம். இரண்டாவது நகர்ந்தால் 2, 2, 3, 1. டோக்கன் இரண்டாகக் குறைந்தது. மூன்றாவது நகர்ந்தால் 2, 2, 2, 1, ஒன்றாகிவிட்டது. நான்காவது நகர்ந்தால் 2, 2, 2, 2. இப்போது முதல் இயந்திரத்தின் முறை, 3, 2, 2, 2. இனி எத்தனை சுற்று போனாலும் ஒரே டோக்கன்தான். வேறு வரிசையில் நகர்த்தினாலும், வேறு எண்களில் தொடங்கினாலும் முடிவு அதுவே. யாரும் ‘தவறு நடந்துவிட்டது’ என்று உணரவே இல்லை. தவறு தானாகக் கரைந்துபோனது. பல ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத இந்தக் கட்டுரையை, 1983இல் லெஸ்லி லாம்போர்ட் டைக்ஸ்ட்ராவின் மிகச் சிறந்த பணி என்று மேடையில் சொன்ன பிறகுதான் துறை திரும்பிப் பார்த்தது. 2002இல் அதற்கு விருது கிடைத்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார்.

மேசைக் கணினிகளில் வளையம் நிலைக்கவில்லை. ஈதர்நெட் மலிவு, 1990 வாக்கில் அது சாதாரண முறுக்குக் கம்பியில் ஓடத் தொடங்கியது, பிறகு செய்தியை உரிய கணினிக்கு மட்டும் அனுப்பும் ஸ்விட்சுகள் வந்து மோதலையே ஒழித்துவிட்டன. முறை வைக்க வேண்டிய தேவையே அங்கே போய்விட்டது. வளையம் இடம் மாறிக்கொண்டது. எஃப்டிடிஐ என்ற கண்ணாடி இழை வலைப்பின்னலில் எதிரெதிர்த் திசையில் சுற்றும் இரண்டு வளையங்கள் இருந்தன. ஓரிடத்தில் அறுந்தால் இரு பக்க முனைகளும் மடிந்து, இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய வளையமாகிவிடும். தொலைபேசி நிறுவனங்களின் இழைவட வளையங்கள் இதே வித்தையை 50 மில்லிநொடியில் செய்து முடிக்கின்றன. கண்ணிமைக்க அதைவிட அதிக நேரம் ஆகும். 2000இல் இயங்கத் தொடங்கிய சதர்ன் கிராஸ் என்ற கடலடி வடம், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஃபிஜி, ஹவாய், அமெரிக்கா என்று பசிபிக்கில் வளைந்து ஏறத்தாழ 30,500 கிலோமீட்டர் ஓடுகிறது. ஒரு நங்கூரம் ஒரு பக்கத்தை அறுத்தாலும் செய்தி மறுபக்கமாகப் போய்ச் சேரும்.

இன்னொரு பக்கம் வளையம் நகக்கண் அளவுக்குச் சுருங்கியது. பிளேஸ்டேஷன் 3இல் இருந்த ‘செல்’ சில்லுக்குள் நான்கு வளையங்கள், திசைக்கு இரண்டாகச் சுற்றின. 2011 முதல் இன்டெல்லின் சில்லுகளிலும் ‘கோர்’ எனப்படும் உட்கருக்கள் வளையத்தில் கோக்கப்பட்டு வந்தன. அண்டை வீட்டுக்கு மட்டும் கம்பி இழுத்தால் போதும் என்பது சில்லில் பெரிய சிக்கனம்.

வளையத்தின் இன்றைய வேலைகளில் என்னை அசர வைப்பது, செயற்கை நுண்ணறிவு மாதிரிகளைப் பழக்கும் இடத்தில் அது செய்வது. அங்கே பல நூறு கணினிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு, ஒவ்வொன்றும் ஒரு நீளமான எண் வரிசையைக் கையில் வைத்திருக்கும். எல்லா வரிசைகளையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எல்லோரிடமும் போய்ச் சேர வேண்டும். ஒருவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினால் அவர் வாசலில் நெரிசல். அதனால் வட்டமாக நிறுத்துகிறார்கள். நான்கு கணினிகள் என்றால் வரிசையை நான்கு துண்டாக்க வேண்டும். ஒவ்வொருவரும் வெவ்வேறு துண்டாக ஒன்றை வலப்பக்கத்தாரிடம் கொடுப்பார். வாங்கியவர் தன்னிடம் உள்ள அதே துண்டோடு கூட்டி, அடுத்த முறை அதையே வலப்பக்கம் தள்ளுவார். மூன்று முறை தள்ளினால் ஒவ்வொருவரிடமும் ஒரு துண்டின் முழுக் கூட்டுத்தொகை இருக்கும். அந்த முழுத் துண்டுகளை இன்னும் மூன்று முறை சுற்றவிட்டால் எல்லோரிடமும் எல்லாம். பிட்ச் படரசுக், ஷின் யுவான் இருவரும் இந்த முறையில் கம்பியின் சுமை இதைவிடக் குறைய வழியில்லை என்று 2009இல் காட்டினார்கள். நான்கு கணினிக்கு ஒவ்வொருவரும் அனுப்புவது தன் வரிசையைப் போல் ஒன்றரை மடங்கு. ஆயிரம் கணினிக்கு 1.998 மடங்கு. எத்தனை ஆயிரம் ஆனாலும் இரண்டு மடங்கைத் தாண்டாது.

ஆனால் ஆயிரத்தில் ஒரு கணினி மட்டும் கொஞ்சம் சுணங்கினால் மீதி 999-ம் அதற்காகக் காத்து நிற்கின்றன. அந்த ஒன்று எது என்று முதலில் தெரிந்துகொள்வது, இப்போதும், அதன் அடுத்த வீட்டுக் கணினிதான்.